பழுது பிடிக்கவும் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற மாதம் உங்கள் மாணவர் பக்கத்தில் ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகையை வைத்துச் சின்ன வண்டி ஒன்று செய்வதைப் பற்றிக் கட்டுரை வந்தது. படங்கள் தெளிவாக இருந்தன, நிரலும் முழுதாக இருந்தது. எனது தங்கச்சியின் மகள், அதாவது எனது மருமகள், உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவில் படிக்கிறாள். அதை வெட்டிக் கொப்பியில் ஒட்டிவைத்து, சொன்னபடியே செய்து பார்த்தாள். வண்டி ஓடவில்லை. கட்டுரையைத் திரும்பவும் மூன்று தடவை வாசித்தாள். ஓடாவிட்டால் எங்கே பார்ப்பது என்று அதில் ஒரு வரியும் இல்லை. "மாமா, இதில எல்லாம் முதல் தரமே சரியா வாற மாதிரித்தானே எழுதியிருக்கு" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான் என்னை இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

நான் மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடியில் முப்பத்து நாலு வருடம் ரேடியோ, ரிவி திருத்தியவன். வால்வு ரேடியோவில் தொடங்கி, டிரான்சிஸ்டர், கலர் ரிவி, டிவிடி பிளேயர் என்று கைக்கு வந்த எல்லாவற்றையும் திறந்து பார்த்திருக்கிறேன். எனது தொழிலே பழுது பிடிப்பதுதான். ஆனாலும் போன வருடம் கால் சாண் நீளச் சிப் ஒன்று என்னை மூன்று மாதம் உட்கார வைத்துவிட்டது. அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். உங்களிடம் கேட்கவேண்டியதை அதற்குப் பிறகு கேட்கிறேன்.

1987 இல் எனது அத்தான் பஹ்ரேனிலிருந்து லீவில் வந்தபோது ஒரு கொமடோர் 64 கொண்டுவந்தார். 1982 இல் அமெரிக்காவில் வெளிவந்த கம்பியூட்டர் அது. விசைப்பலகைக்குள்ளேயே முழு மெஷினும் இருக்கும். ரிவியின் அன்டெனா துவாரத்தில் வயரைச் செருகிவிட்டால் நீலத் திரை வரும், 38911 பேசிக் பைட்ஸ் ஃப்ரீ என்று மேலே எழுதியிருக்கும். ஊரில் அப்போது கம்பியூட்டரைக் கண்டவர்கள் மிகக் குறைவு. பின்னேரமானால் திண்ணை நிறையப் பிள்ளைகள் இருப்பார்கள்.

அத்தானுக்கு அந்தப் பெட்டியில் தமிழ் எழுதவேண்டும் என்று ஒரு ஆசை. கொமடோரில் எழுத்துகளின் வடிவத்தை நாமே மாற்றலாம். ஒவ்வொரு எழுத்தும் எட்டுக்கு எட்டுக் கட்டம். ஒரு வரியில் எந்தெந்தக் கட்டம் கறுப்போ அதற்கு 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்ற பெறுமானங்களைக் கூட்டி ஒரு எண்ணாக எழுதவேண்டும். எட்டு வரிக்கு எட்டு எண். சதுரக்கோட்டுக் கொப்பி ஒன்றை வாங்கி, லாம்பு வெளிச்சத்தில் இருந்து பென்சிலால் ஒவ்வொன்றாக வரைந்தார். 'ப' என்றால் 66 ஆறு தடவை, பிறகு 126, பிறகு 0. 'ட' என்றால் 64 ஆறு தடவை, 126, 0. இந்த இரண்டும் லேசு. 'ணை'யும் 'கூ'வும் எட்டுக் கட்டத்துக்குள் அடங்கவே மாட்டோம் என்று நின்றன. அவற்றுக்கு இரண்டு கட்டம் ஒதுக்கினார். 'இ' எழுத்தை மட்டும் பதினொரு தடவை அழித்து அழித்து வரைந்த தடம் இன்றைக்கும் அந்தத் தாளில் இருக்கிறது, தாள் அந்த இடத்தில் மெலிந்து போயிருக்கிறது. நூற்று முப்பது வடிவம், ஆயிரத்து நாற்பது எண்கள்.

அத்தான் 2011 இல் காலமானார். கம்பியூட்டரும் கொப்பியும் எனது கடையில் இருந்தன. அதனுடன் வந்த கெசெட் ரெக்கோடரின் றப்பர் பெல்ட் தார் மாதிரி உருகி ஒட்டிப்போயிருந்தது. பெல்ட்டை மாற்றினேன், ஓடியது. ஆனால் கெசெட்டுகளில் வெள்ளைப் பூஞ்சணம். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறோம், இந்த உப்புக் காற்றிலும் ஈரத்திலும் நாடா எத்தனை நாளைக்கு நிற்கும்? எந்தக் கெசெட்டைப் போட்டாலும் லோட் எரர் என்றுதான் வந்தது. அத்தான் பதிந்து வைத்த தமிழ் எல்லாம் போய்விட்டது, கொப்பியில் இருந்தது மட்டும் மிச்சம்.

2022 இல் எல்லோரும் வீட்டில் அடைந்து கிடந்த நாட்களில் கொப்பியை எடுத்து எண்களைத் திரும்ப அடிக்கத் தொடங்கினேன். அந்த வருடம் மார்ச் கடைசியில் 13 மணி நேரம் மின்வெட்டு என்று அறிவித்தார்கள், நினைவிருக்கும். கரண்ட் போனால் கொமடோரின் நினைவகத்தில் இருப்பது அத்தனையும் அந்தக் கணமே போய்விடும். நாலு தடவை முழுதாக அடித்தேன், நாலு தடவையும் போனது. நாலாம் தடவை 'ழ' வரைக்கும் வந்துவிட்டேன். சேமித்துவைக்க ஒரு வழி செய்யாமல் இனி ஒரு எண்ணும் அடிப்பதில்லை என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

கொமடோருக்கு 1541 என்று ஒரு டிஸ்க் டிரைவ் இருந்தது. ஒரு டிஸ்க்கில் 170 கிலோபைட் பிடிக்கும். அது இப்போது இங்கே கிடைக்காது, கிடைத்தாலும் டிஸ்க் கிடைக்காது. அந்த டிரைவில் ஒரு விசேஷம் உண்டு. அது வெறும் மோட்டர் பெட்டியில்லை, அதற்குள்ளே தனியாக ஒரு 6502 புரொசசர் இருக்கிறது. கொமடோர் மூன்று வயரில் "இந்தப் பெயருள்ள கோப்பைத் தா" என்று கேட்கும். டிரைவ் தானே தேடி எடுத்து ஒவ்வொரு பிட்டாக அனுப்பும். அப்படியென்றால், அந்த மூன்று வயரில் அதே மாதிரிப் பேசத் தெரிந்த எதை வைத்தாலும் கொமடோர் அதை டிரைவ் என்று நம்பிவிடும். இதைத்தான் எஸ்டி2ஐஈசி என்ற கருவி செய்கிறது. இங்கோ கோர்ப் என்பவர் அதற்கான நிரலை எழுதி, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்து விட்டிருக்கிறார். ஒரு மைக்ரோகொன்ட்ரோலர், அதாவது ஒரே சிப்புக்குள் அடங்கிய சின்னக் கணினி, ஒரு எஸ்டி கார்ட், சில உதிரிப் பாகங்கள், இவ்வளவுதான். பழைய டிஸ்க் ஒன்று அதில் 174848 பைட் உள்ள ஒரு கோப்பாகிவிடும். போனில் போடும் கார்ட் ஒன்றிலேயே ஆயிரக்கணக்கான டிஸ்க் வைக்கலாம்.

கொழும்பிலிருந்து ஏடிமெகா 1284பி என்ற நாற்பது கால் சிப்பைத் தபாலில் எடுப்பித்தேன். ஒரு கிலோ இறால் வாங்கும் காசு. கணினியிலிருந்து சிப்புக்குள் நிரலை ஏற்ற யூஎஸ்பி-ஏஎஸ்பி என்ற சின்னப் புரோகிராமரும் வாங்கினேன். துளைப் பலகையில் ஈயம் வைப்பது எனக்குப் பழகிய வேலை, இரண்டு பின்னேரத்தில் முடிந்தது. நிரல் ஏற்றும் வேலையை மருமகள் பார்த்துக்கொண்டாள், எனக்கு அது புதிது.

முதல் நாளே சிப் பேசவில்லை. நிரல் ஏற்றும் மென்பொருள் ஏவிஆர்டியூட். அது முதலில் சிப்பிடம் "நீ யார்" என்று கேட்கும். சிப் மூன்று எண்ணில் தன் அடையாளத்தைச் சொல்லும். எங்களுக்கு வந்ததெல்லாம் 00 00 00. நான் மீட்டரை எடுத்து வயர் வயராகப் பார்த்தேன், எல்லாம் சரி. இரண்டு நாள் போனது. விஷயம் இதுதான்: கடையிலிருந்து வரும் புதுச் சிப் 1 மெகாஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்குப் பத்து லட்சம் துடிப்பு, என்ற வேகத்தில் ஓடும்படி வைக்கப்பட்டிருக்கும். நிரல் ஏற்றும்போது புரோகிராமர் தட்டும் வேகம் அதில் நாலில் ஒன்றுக்குக் குறைவாக இருக்கவேண்டும், அதாவது 250 கிலோஹேர்ட்ஸுக்குக் கீழே. எங்கள் புரோகிராமர் 375 இல் தட்டிக்கொண்டிருந்தது. கிழவரிடம் வேகமாகக் கதை கேட்டால் அவர் என்ன சொல்வார்? கட்டளையில் பீ என்ற எழுத்தைப் போட்டுப் பக்கத்தில் 10 என்று கொடுத்து வேகத்தைக் குறைத்தோம். உடனே 1ஈ 97 05 என்று வந்தது. பிள்ளை கையைத் தட்டினாள்.

ஆனால் அடுத்த வரியிலேயே அடையாளம் பொருந்தவில்லை என்று இன்னொரு பிழை. அவள் பட்டியலில் 1284 என்பதைத் தெரிவு செய்திருந்தாள். எங்களிடம் இருந்தது 1284பி. ஒரு 'பி' எழுத்துத்தான் வித்தியாசம், 1284 இன் அடையாளம் 05 இல் முடியாது, 06 இல் முடியும். எஃப் என்ற தெரிவைக் கொடுத்தால் பொருந்தாவிட்டாலும் வற்புறுத்தி ஏற்றிவிடலாம் என்று அவளுடைய வகுப்புப் பையன் ஒருவன் சொல்லியிருக்கிறான். நான் விடவில்லை. பொருள் ஒன்று தானாக உண்மை சொல்லும்போது அதன் வாயை மூடக்கூடாது. திருத்துகிறவனுக்கு அது ஒன்றுதான் சாட்சி.

நிரல் ஏறியது, ஆனால் சரிபார்க்கும்போது நடுவில் பிழைத்தது. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில். இதை நானே பிடித்தேன், இடம் மாறுகிற பழுது என்றால் பக்கத்து ஆள் குறுக்கே பேசுகிறான் என்பது ரேடியோக்காரனுக்குத் தெரியும். எஸ்டி கார்ட்டும் புரோகிராமரும் ஒரே வயர்களைப் பகிர்கின்றன. கார்ட்டைக் கழற்றிவிட்டு ஏற்றினோம், ஏறியது. இங்கே இன்னொன்றும் சொல்லவேண்டும். எஸ்டி கார்ட் 3.3 வோல்ட்டில் வேலை செய்கிற பொருள். புரோகிராமர் 5 வோல்ட் கொடுக்கிறது என்பதைப் பார்க்காமல் நான் ஒரு கார்ட்டைச் சாகடித்தேன். பிள்ளைகள் அந்தத் தவறைச் செய்யவேண்டாம்.

சரி, நிரல் ஏறிவிட்டது. கொமடோரில் பொருத்தினேன். டிரைவின் பட்டியலைக் கேட்கும் கட்டளையை அடித்தேன். டிவைஸ் நொட் பிரசன்ட் என்று வந்தது. ஆள் இல்லை என்கிறது. அணைத்து, திரும்பப் போட்டேன். இந்த முறை சேர்ச்சிங் என்று காட்டிவிட்டு அப்படியே நின்றது, பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை ஒரு மாதிரி, இன்னொரு தடவை இன்னொரு மாதிரி. செருகியின் காலெல்லாம் பச்சைப் பூத்திருந்தது, சுரண்டித் துடைத்தேன், மாற்றமில்லை. சிப்பைக் குறை சொன்னேன், பலகையைக் குறை சொன்னேன். ஒரு கிழமை தொடாமலும் விட்டேன்.

இந்த இடத்தைத்தான் நான் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புகிறேன், ஆகையால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

ஒரு சனிக்கிழமை மருமகள் வந்தாள். "மாமா, பெரிய நிரலை எடுத்துப்போட்டு, லைட் ஒண்டு ஒரு செக்கனுக்கு ஒருக்கா எரியிற சின்ன நிரலைப் போட்டுப் பாப்பமா?" என்றாள். எனக்கு வெட்கமாகப் போனது. ரேடியோ பேசாவிட்டால் நான் முதலில் செய்வது அதுதானே, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஸ்பீக்கரை மட்டும் தட்டிப் பார்ப்பது. அவள் ஐந்து வரியில் எழுதி ஏற்றினாள். சிவப்பு லைட் எரிந்தது. பிறகு அணைந்தது. அணைந்தே கிடந்தது. "நிண்டுட்டு" என்று நான் வயரில் கையை வைத்தேன். "இருங்க மாமா" என்று சொல்லிவிட்டுச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுகா எரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்க்குள் எண்ணினாள். இன்னும் ஒரு தடவை எண்ணினாள். "எட்டு" என்றாள்.

அந்த எட்டுத்தான் கதவைத் திறந்தது. ஏழோ ஒன்பதோ வந்திருந்தால், ஒருநேரம் ஏழும் ஒருநேரம் ஒன்பதும் வந்திருந்தால், பழுது வேறு எங்கேயோ. ஒவ்வொரு தடவையும் நேராக எட்டு என்றால் யாரோ எட்டால் பிரிக்கிறார்கள். அந்தச் சிப்புக்குள் ஒரு கடிகாரம் 8 மெகாஹேர்ட்ஸில் ஓடுகிறது. அதை எட்டால் பிரித்து 1 ஆக்கித்தான் தொழிற்சாலையிலிருந்து அனுப்புகிறார்கள். எங்கள் நிரலோ 8 இல் ஓடுகிறது என்று நம்பி எண்ணியது. முதல் நாள் புரோகிராமரோடு பட்ட பாட்டுக்கும் இதே 1 தான் காரணம். அன்றைக்கே நாங்கள் இதை யோசித்திருக்கவேண்டும். வேகத்தைக் குறைத்து அந்தப் பிரச்சினையைக் கடந்துவிட்டோம், ஏன் அவ்வளவு மெதுவாக ஓடுகிறது என்று கேட்காமல் விட்டுவிட்டோம்.

கொமடோர் கூப்பிட்டால் டிரைவ் ஆயிரம் மைக்ரோ செக்கனுக்குள், அதாவது ஒரு செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள், "ஓம், இருக்கிறேன்" என்று ஒரு வயரை இழுத்துக் காட்டவேண்டும். இல்லாவிட்டால் ஆள் இல்லை என்று முடிவெடுத்துவிடும். கடைசி எழுத்து வருகிறது என்பதையும் 200 மைக்ரோ செக்கன் பொறுத்துத்தான் சொல்கிறார்கள். எங்கள் சிப் 200 என்று எண்ணினால் வெளியே 1600 ஆகிவிடும். இரண்டு பேரும் ஒரே மொழியைத்தான் பேசினார்கள், ஆனால் ஒருவர் ஒரு சொல்லைச் சொல்லி முடிக்கமுன் மற்றவர் எழும்பிப் போய்விட்டார்.

இந்தப் பிரிப்பை ப்யூஸ் என்பதில் மாற்றவேண்டும். ப்யூஸ் என்றதும் நான் உருகும் கம்பியைத்தான் நினைத்தேன். இது உருகாது, சிப்புக்குள் இருக்கும் மூன்று பைட். நிரலைப் போல மேலே போகாமல் அடியில் தனியாக இருக்கும். தாழ் பைட்டில் தொழிற்சாலை வைத்திருப்பது பதினறும எண்ணில், அதாவது பதினாறை அடியாக வைத்து ஒன்பதுக்கு மேல் ஏ முதல் எஃப் வரை எழுத்து வரும் எண்ணில், 62. மருமகள் அதை இரும எண்ணாக்கிக் கொப்பியில் எழுதினாள்: 0110 0010. முதல் பிட் 0. "பூச்சியமென்றால் பிரிப்பு இல்லைத்தானே?" என்று கேட்டேன். அங்கேதான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். ப்யூஸில் 0 என்றால் ஓம், 1 என்றால் இல்லை. எல்லா இடத்திலும் படித்ததற்கு நேர்மாறு. முதல் பிட்டை 1 ஆக்கினால் 1110 0010, அதாவது ஈ2. அப்படி வைத்தால் சிப் தன் உள் கடிகாரத்தில் 8 இல் ஓடும். ஆனால் அந்த உள் கடிகாரம் தொழிற்சாலையிலிருந்து வரும்போது 10 வீதம் வரை கூடவோ குறையவோ இருக்கலாம், சூட்டுக்கும் வோல்ட்டுக்கும் மாறும். மைக்ரோ செக்கன் கணக்கில் பேச்சு நடக்கும் இடத்தில் அது போதாது. அதனால்தான் பலகையில் தனியாக, துல்லியமாகத் துடிக்கும் 8 மெகாஹேர்ட்ஸ் கிறிஸ்டல் ஒன்றைப் போடச் சொல்கிறார்கள். கிறிஸ்டலைப் பயன்படுத்து என்று சொல்வதற்கு ஈஎஃப் எழுதவேண்டும்.

எழுதினோம். எழுதிய உடனே சிப் செத்தது.

செத்தது என்றே நினைத்தேன். அடையாளம் கேட்டால் பதிலே இல்லை, வேகத்தை எவ்வளவு குறைத்தாலும் இல்லை. மருமகள் அழத் தொடங்கிவிட்டாள், தன் கையால் போய்விட்டது என்று. இரவு பத்து மணி இருக்கும். தங்கச்சி வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாள். நான் பலகையைப் பார்த்தபடி இருந்தேன். கிறிஸ்டலைப் பயன்படுத்து என்று சொன்னோம், சிப் கேட்டது, கிறிஸ்டலிடம் போனது. அப்படியானால் பதில் சொல்லாதது சிப்பா, கிறிஸ்டலா? அந்தக் கிறிஸ்டல் பழைய பலகை ஒன்றிலிருந்து நான் கழற்றியது. கழற்றும்போது சீமெந்துத் தரையில் விழுந்தது எனக்கு நினைவு வந்தது. கிறிஸ்டல் என்பது உள்ளே மெல்லிய பளிங்குத் தகடு, விழுந்தால் வெடிக்கும். வெளியே தகரக் கூட்டில் ஒரு கீறலும் தெரியாது. ரிவி திருத்திய காலத்தில் இதே மாதிரி எத்தனை கண்டிருக்கிறேன்.

காலையில் அவளுக்கு அழைப்பெடுத்தேன். "மகள், சிப் சாகல்ல, நேரம் சொல்ல ஆளில்லாமல் நிக்குது" என்றேன். அவள் யோசித்து அடுத்த வழியைச் சொன்னாள். அவளிடம் இருந்த ஆர்டுயினோ ஊனோவில் ஒரு சின்ன நிரலைப் போட்டு, 9 ஆம் காலிலிருந்து 8 மெகாஹேர்ட்ஸ் துடிப்பை வெளியே எடுத்தாள். சிப்பைச் சொக்கெட்டிலிருந்து கழற்றி, ஈயம் வைக்காமல் வயர் செருகும் பிரெட்போட்டில் வைத்து, அந்தத் துடிப்பை அதன் 13 ஆம் காலில் கொடுத்தோம். கிறிஸ்டல் பொருத்தும் கால் அது. நான் வயரைப் பிடித்துக்கொண்டேன், அவள் கட்டளையை அடித்தாள். 1ஈ 97 05.

அந்தக் கணத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. 1990 இல் எனது கையால் பேசாத ரேடியோ முதன்முதலில் பேசியபோது இருந்த அதே உடம்பு நடுக்கம்.

புதுக் கிறிஸ்டல் போட்டோம். அடுத்த பின்னேரம் நீலத் திரையில் பட்டியல் வந்தது. அதற்குப் பிறகு ஆறு நாளில் ஆயிரத்து நாற்பது எண்ணையும் அடித்து, பத்து எழுத்துக்கு ஒருக்கால் சேமித்தேன். ஐந்தாம் நாள் கரண்ட் போனது. வந்த பிறகு திரும்ப லோட் பண்ணினேன், எல்லா எழுத்தும் இருந்தன. அக்காவைக் கூட்டிவந்து திரையில் அத்தானின் பெயரை அவர் வரைந்த எழுத்திலேயே காட்டினேன். அவ கதிரையில் இருந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தா.

ஆசிரியர் அவர்களே, இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013 இல் தொடங்கியது. நல்ல காரியம். வாவிக்கு மேற்கே உள்ள எங்கள் படுவான்கரைப் பிள்ளைகளும் அதில் படிக்கிறார்கள். ஆனால் பாடத்தில் வருவதும் வகுப்பில் நடப்பதும் சரியாக ஓடுகிற நிரல்தான். சோதனையில் கேட்பதும் அதைத்தான். மூன்று மாதத்தில் நாங்கள் நிரல் எழுதிய நேரம் எல்லாம் சேர்த்தால் ஒரு மணித்தியாலம் வராது, மற்ற நேரம் முழுதும் ஏன் ஓடவில்லை என்று தேடினோம். வேலைத்தலத்திலும் இப்படித்தான், எனக்குத் தெரிந்த எந்தத் தொழிலிலும் இப்படித்தான். அந்தப் பெரிய பங்கை யாரும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதில்லை. பிள்ளை முதல் தடவை தோற்றதும் தனக்கு இது வராது என்று முடிவெடுத்துவிடுகிறது. எங்கள் மருமகளும் அந்த இரவு அப்படித்தான் போனாள்.

இணையத்தில் தேடலாமே என்பார்கள். தேடினோம். எல்லாம் ஆங்கிலம். அவளுக்கு ஆங்கிலம் ஓரளவு வரும், என்றாலும் பிழைச் செய்தி ஒன்றை வாசித்து அது என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று பிரித்துப் பார்க்க அது போதாது. தாய்மொழியில் யோசிக்கும்போதுதான் "யாரோ எட்டால் பிரிக்கிறார்கள்" என்ற மாதிரி ஒரு எண்ணம் சட்டென்று வரும்.

இன்னொரு விஷயம் மனதை வருத்துகிறது. பெயர் சொல்ல விரும்பவில்லை, ஒரு பாடசாலையில் பழைய புரொஜெக்டர் பார்க்கக் கூப்பிட்டார்கள். ஆய்வுகூட அலுமாரியில் மைக்ரோகொன்ட்ரோலர் பெட்டிகள் அடுக்கி இருந்தன, பிளாஸ்ரிக் உறையும் பிரிக்கவில்லை. ஆசிரியை பாவம், "பழுதாக்கினால் பொருட்பதிவேட்டில் என்ன எழுதிறது, ஐயா?" என்று கேட்டா. அவவைக் குறை சொல்ல மாட்டேன். பதிவேட்டில் "கற்பித்தலில் பழுதானது" என்று ஒரு தனிப் பகுதி போட அனுமதி இருந்தால் அந்த அலுமாரி திறக்கும். ஒரு சிப் எரிந்தால் ஒரு கிலோ இறால் போகிறது. பூட்டியே வைத்தால் வருடத்துக்கு ஒரு வகுப்புப் பிள்ளைகள் தொடாமலே வெளியே போகிறார்கள். வலயக் கல்விப் பணிப்பாளர்கள் உங்கள் பத்திரிகையை வாசிக்கிறார்கள், இதை அவர்கள் கண்ணில் படும்படி போடுங்கள்.

மாணவர் பக்கத்தில் கிழமைக்கு அரைப் பத்தி ஒதுக்குங்கள் என்பது எனது வேண்டுகோள். ஒவ்வொரு கிழமையும் ஒரே ஒரு பழுது. முதலில் அறிகுறி: திரையில் என்ன வந்தது, லைட் எப்படி எரிந்தது. பிழைச் செய்தியைத் தமிழ் எழுத்தில் அப்படியே போட்டு, அது என்ன சொல்கிறது என்று எழுதவேண்டும். விடையை அடுத்த கிழமைதான் போடவேண்டும். அந்த ஒரு கிழமை பிள்ளைகள் மண்டையைப் போட்டு உடைக்கட்டும். எழுத ஆள் வேண்டுமென்றால் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், கல்லடியிலும் கல்முனையிலும் போன் திருத்தும் தம்பிமார் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்தது எனக்குத் தெரிந்ததைவிட அதிகம். அவர்களிடம் கேட்பார் இல்லை, அதுதான் குறை. முதல் நாலு கிழமைக்கு எழுதித்தர நானும் மருமகளும் தயார். 00 00 00 இலிருந்து தொடங்கலாம்.

வண்டி ஓடாத கதையையும் சொல்லிவிடுகிறேன். மோட்டருக்கும் ஆர்டுயினோவுக்கும் தனித்தனி பற்றரி போட்டிருந்தாள், இரண்டின் மறை (மைனஸ்) பக்கத்தையும் ஒன்றோடொன்று இணைக்கவில்லை. கட்டுரையின் படத்தில் அந்த வயர் இருக்கிறது, ஆனால் கறுப்பு நிறத்தில் ஓரத்தோடு ஓரமாக, கோடு மாதிரி. ஏன் அது வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் அவளே பிடித்திருப்பாள்.

சனிக்கிழமைகளில் எனது பழைய கடை திறந்திருக்கும். மேசை இருக்கிறது, இரண்டு மீட்டர், சொல்டரிங் அயன், புரோகிராமர் எல்லாம் இருக்கின்றன. ஓடாத பொருள் எதுவானாலும் பிள்ளைகள் கொண்டு வரலாம், காசு வேண்டாம். மண்டூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பின்னேரம் வாவியைக் கடந்து திரும்பிப் போகும் பாதையை, அதாவது மிதவைப் படகை, தவறவிடாமல் காலையிலேயே வரட்டும். வரும்போது பொருளோடு ஒரு கொப்பியும் கொண்டுவரச் சொல்லுங்கள். என்ன செய்தபோது என்ன நடந்தது என்று அதில் எழுதியிருந்தால் எனக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

இப்படிக்கு,
ரேடியோ, ரிவி திருத்துபவன்,
களுவாஞ்சிகுடி.